சக்கர ரோபோவின் கண்ணுக்கு மனிதர் தெரிந்த கதை

இரண்டு சக்கரங்களும் பின்னால் தாங்குவதற்கு எப்பக்கமும் சுழலும் ஒரு சிறு சக்கரமும் (காஸ்டர்) வைத்து நான் செய்த சிறிய ரோபோவை முதன்முறை நேர்கோட்டில் ஓடவிட்டபோது, நான்கு மீட்டர் போவதற்குள் அது ஒரு சாணுக்கு மேல் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது. மோட்டாரை மாற்றிப் பார்த்தேன். நிரலைத் துருவிப் பார்த்தேன். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரங்களில் வலப்பக்கத்துச் சக்கரம் மற்றதைவிட 1 மில்லிமீட்டர் பெரிதாக இருந்ததே காரணம் என்று கடைசியில் தெரிந்தது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த நிரல், தான் கோணாமல் நேரே வந்துவிட்டதாகவே இறுதிவரை நம்பியது. சக்கர ரோபோ ஆராய்ச்சியின் பெரும்பகுதி, இந்தப் பொய்நம்பிக்கையைச் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வதைப் பற்றியதுதான். ஆனால் அந்தச் சுற்றுப்புறத்தில் மனிதர்களும் நடமாடுகிறார்கள் என்பதை அத்துறை மெதுவாகத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டது.

1940களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மூளை ஆராய்ச்சியாளர் கிரே வால்டர் செய்த மூன்று சக்கர ‘ஆமைகள்’ வெளிச்சத்தைத் தேடிப் போயின. அவ்வளவுதான், ஆனாலும் அன்றைக்கு அது அதிசயம். 1966 முதல் 1972 வரை ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஷேக்கி என்ற ரோபோ, எந்தப் பெட்டியை எங்கே தள்ள வேண்டும் என்று தானே திட்டமிட்டது. மிகக் குறைந்த தூரமுள்ள வழியைக் கண்டறிய இன்றும் பயன்படும் ஏ-ஸ்டார் முறை அந்தப் பணியில் பிறந்ததே. 1979இல் ஹான்ஸ் மொராவெக்கின் ஸ்டான்ஃபோர்டு வண்டி, நாற்காலிகள் போட்ட ஓர் அறையில் சுமார் 20 மீட்டரை ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் கடந்தது. ஒவ்வொரு மீட்டருக்கும் நின்று, கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்திப் படமெடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் யோசித்த பிறகே அது அடுத்த அடி எடுத்து வைத்தது. திறந்தவெளியில் ஓட்டியபோது, அது யோசித்து முடிப்பதற்குள் நிழல்களே இடம் மாறிவிட்டன. நிழல் நகர்வதையே தாங்காத வண்டிக்கு எதிரே மனிதர் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தச் சோதனை 1997இல் ஜெர்மனியின் பான் நகரத்து அருங்காட்சியகத்தில் நடந்தது. பார்வையாளர்களுக்கு வழிகாட்டியாக ஆறு நாள் ஓடிய ரைனோ என்ற ரோபோ, சுற்றியுள்ளவை எவ்வளவு தூரத்தில் உள்ளன என்று லேசரால் எடுத்த அளவீடுகளை வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தன் இடத்தைக் கணித்தது. ஆனால் கூட்டம் சூழ்ந்து நின்றதும் லேசர் சுவரைத் தொடாமல் மனிதக் கால்களில் பட்டுத் திரும்பியது. வரைபடப்படி ஐந்து மீட்டரில் இருக்கவேண்டிய சுவர் ஒரு மீட்டரில் தெரிந்தால், இடையில் யாரோ நிற்கிறார் என்று கொண்டு, இடத்தைக் கணிக்கும்போது அந்த அளவீட்டை ஒதுக்கிவிடும்படி ஆய்வாளர்கள் செய்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளிலோ சிக்கல் நேர் எதிரானது: லேசர் ஊடுருவிப் போய்விடுவதால் அங்கே எதுவும் இல்லை என்றே தோன்றும். அதனால் வரைபடத்தில் உள்ள பெட்டிகளை, உணரிகளுக்குத் தெரியாவிட்டாலும் தெரிவதாகவே பாவித்து அது விலகிச் சென்றது. இருப்பவரை இல்லை என்று ஒதுக்கவும், காணாததை உண்டு என்று நம்பவும் ஒரே இயந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஆயினும், தன் இடத்தைக் கணித்த ரைனோவுக்கு மனிதர் என்பவர் நீக்கப்பட வேண்டிய பிழையாகவே இருந்தார்.

அடுத்த ஆண்டு ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இரண்டு வாரம் உலாவிய மினர்வா என்ற வழிகாட்டி ரோபோவிடம்தான் மாற்றம் தெரிந்தது. அதற்கு அசையும் புருவங்களும் வாயும் பொருத்தப்பட்டிருந்தன. வழி கிடைத்தால் சிரித்த முகம். யாராவது மறித்து நின்றால் முகம் வாடும். அதற்கும் விலகாவிட்டால் கோபம் காட்டும். முகம் அலங்காரத்துக்கு என்று எண்ணுபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், பிரேக்கையும் ஹாரனையும் போல அதுவும் ஓட்டத்துக்கு வேண்டிய உறுப்புதான்.

இதற்கிடையே, பயனியர் போன்ற ஆயத்த வண்டிகளும், 2007இல் தொடங்கிய, ரோபோக்களுக்கான பொது மென்பொருளான ராஸும் (ROS), 2010இல் வந்த, தூரத்தையும் அளக்கும் கினெக்ட் கேமராவும் ஒவ்வோர் ஆய்வகமும் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டிய நிலையைப் போக்கின.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் மனுவெலா வெலோசோவின் குழு உருவாக்கிய கோபாட் என்ற ரோபோ என்னை மிகவும் கவர்ந்தது. எத்திசையிலும் நகரக்கூடிய நான்கு சக்கரங்கள் இருந்ததால் எதிரே வருபவருக்கு அது திரும்பாமலேயே பக்கவாட்டில் ஒதுங்கும். 2014க்குள் 1000 கிலோமீட்டருக்கு மேல் தானாகவே ஓடியிருந்தது. ஆனால் அதற்குக் கைகள் கிடையாது. லிஃப்ட் பொத்தானை அழுத்த முடியாது. கை பொருத்துவதற்குப் பதிலாக, கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். லிஃப்டின் முன்னால் போய் நின்று, அங்கே வருபவரிடம் பொத்தானை அழுத்தித் தரும்படி வேண்டிக்கொள்ளும். உள்ளே போனதும், தான் இறங்க வேண்டிய தளம் வந்துவிட்டதா என்று பக்கத்தில் நிற்பவரையே கேட்டுத் தெரிந்துகொள்ளும்.