தோப்பில் புல் வெட்டும் மெஷினுக்கு ஆயில் தேடியது

கயிற்றை இழுத்தபோது கைக்குக் கனமே தெரியவில்லை. வழக்கமாக நடுவில் ஒரு முரண்டு பிடித்துத்தான் வரும். அன்று காற்று இறங்கிய டியூபை அமுக்குவது போல வழுவழுவென்று வந்தது. இருபது முறை இழுத்தும் மெஷின் கிளம்பவில்லை.

எங்கள் தோப்பு பட்டுக்கோட்டைக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பாதி மரங்கள் சாய்ந்துவிட்டன. பெரிய மரங்கள் நின்ற காலத்தில் நிழலில் இவ்வளவு புல் கிடையாது. மறுபடி நட்ட கன்றுகள் வளர்ந்து வருவதற்குள் வெயில் நேராகத் தரையில் இறங்க, கோரையும் அருகும் முழங்கால் அளவுக்கு மண்டிவிட்டன. அதற்காக வாங்கியதுதான் இந்த 43 சிசி டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர், அதாவது பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் புல் வெட்டும் மெஷின்.

சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனின் பக்கவாட்டில் வெல்லப்பாகு காய்ந்தது போலப் பழுப்பு நிறப் படிவு. பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் ரிங்கை மூங்கில் குச்சியால் மெல்ல அமுக்கினேன். நல்ல ரிங் என்றால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். இது அசையவே இல்லை. கரி பிடித்துத் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ரிங் விரியாவிட்டால் அழுத்தம் எங்கே நிற்கும்?

எப்படி நேர்ந்தது என்று யோசித்தபோது ஆயில் கேன்தான் நினைவுக்கு வந்தது. அதிராம்பட்டினத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் பள்ளித் தோழர் கொடுத்தது அது. "கடலுக்குள்ளேயே இதை நம்பித்தான் போகிறேன் மாப்பிள்ளை, தோப்பில் புல் வெட்ட உனக்கு ஆகாதா?" என்றார். அன்போடு கொடுத்தார், ஆயிலும் மட்டமானது அல்ல. கேனின் பின்பக்கம் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருந்ததை நான்தான் படிக்காமல் விட்டேன். அது தண்ணீரால் குளிரும் படகு என்ஜினுக்கான தரம். படகு என்ஜினைச் சுற்றிக் கடல்நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் சிலிண்டர் அதிகம் சுடாது. அதற்கேற்ற, சாம்பல் விடாத ஆயில் அது. புல் வெட்டும் மெஷினுக்குக் காற்று மட்டும்தான் துணை. சித்திரை வெயிலில், சிலிண்டரின் சூட்டைக் காற்றில் விடும் இறக்கைகளில் புல்தூசி அடைத்த நிலையில், நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிறது. அந்தச் சூட்டில் படியும் கரியைக் கழுவும் பொருள் ஆயிலில் இருக்க வேண்டும்.

சிலிண்டரைக் கழற்றி, உடைந்த பழைய ரிங் துண்டால் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது ரிங் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று. சிலிண்டரின் உட்சுவரில் கீறல் இல்லாதது பெரிய ஆறுதல்.

அடுத்து எந்த ஆயில்? கேட்ட இடமெல்லாம் ஒவ்வொரு பதில். பக்கத்துத் தோப்புக்காரர் பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 போதும் என்றார். அது கூடவே கூடாது. பைக் ஆயில் என்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருப்பதற்காகச் செய்தது. அதிலுள்ள உலோகச் சேர்மானங்கள் எரிந்தால் சாம்பலாகி ஸ்பார்க் பிளக்கில் படியும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கிராங்க் அறைக்குள் புகுந்து, பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, கடைசியில் எரிந்தே போக வேண்டும். பெரியவர் ஒருவர் விளக்கெண்ணெய் என்றார். அவர் சொன்னதற்குச் சரித்திரம் உண்டு. முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் என்ஜின்கள் ஆமணக்கு எண்ணெயில்தான் ஓடின. ஆனால் அது பெட்ரோலோடு சரியாகக் கலக்காது, பிசினாகவும் படியும்.

நான் நம்பியது டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கும் எழுத்துகளை. ஜாசோ என்பது ஜப்பானியத் தர அளவு, எஃப்.பி, எஃப்.சி, எஃப்.டி என்பவை அதில் டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கான படிகள். எஃப்.பி என்பதைவிட எஃப்.சி புகை குறைந்தது. எஃப்.டி அதே அளவு புகைதான், ஆனால் கரி சேரவிடாமல் கழுவும் திறன் கூடுதல். நீலமா பச்சையா என்ற நிறத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை. பெட்ரோலில் ஆயில் கலந்தாயிற்றா என்று கண்ணுக்குத் தெரிவதற்கான சாயம் அது.

எஃப்.சி ஆயிலில் பத்து லிட்டர் பெட்ரோல், பிறகு சுத்தம் செய்துவிட்டு எஃப்.டி ஆயிலில் பத்து லிட்டர் ஓட்டினேன். புகையில் வித்தியாசம் தெரியவில்லை. பிளக் இரண்டு முறையும் வறுத்த காப்பிக்கொட்டையைவிடக் கொஞ்சம் வெளிர்ந்த நிறம், அதாவது சரியான நிறம். வித்தியாசம் சைலன்சரில் இருந்தது. முதல் முறை தீப்பொறி தடுக்கும் வலையில் ஈரக் கரி அப்பியிருந்தது. இரண்டாம் முறை துணியால் துடைத்தாலே போகும் மெல்லிய படலம். லிட்டருக்கு 200 ரூபாய் கூடக் கொடுத்தாலும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கூடுதல் செலவு ஐந்து ரூபாய்தான். எஃப்.டி என்று முடிவு செய்துவிட்டேன்.

இந்த இருபது லிட்டருக்கும் அளவு ஒன்றே. என் மெஷினின் கையேட்டில் 40-க்கு 1 என்று இருக்கிறது, லிட்டருக்கு 25 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. முன்பு மெக்கானிக் சொன்னபடி 'ஒரு மூடி' ஊற்றிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடையில் ஊசி போடாத சிரிஞ்சு வாங்கி அந்த மூடியை அளந்தேன், 14 மில்லி! படகு ஆயில் செய்த வேலையோடு இதுவும் சேர்ந்திருக்கிறது. கூட ஊற்றினால் நல்லதுதானே என்பதும் சரியல்ல. ஆயில் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது, காற்றின் பங்கு ஏறி என்ஜின் சுடும். கரியும் கூடும்.

ஐப்பசி மழையில் இன்னொன்றைச் சோதித்தேன். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். கண்ணாடிப் பாட்டிலில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். அடியில் 10 மில்லியாக நிற்க வேண்டிய தண்ணீர் 30 மில்லிக்குப் பக்கத்தில் ஏறி நின்றது. எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. பிறகு டூ ஸ்ட்ரோக் ஆயிலைச் சொட்டு சொட்டாக விட்டுப் பார்த்தேன். அதன் நீலம் மேலேயே தங்கியது. மெஷினில் உறிஞ்சும் வடிகட்டி டேங்கின் அடியில் கிடக்கிறது. டேங்குக்குள் இப்படிப் பிரிந்தால் என்ஜின் குடிப்பது ஆயிலே இல்லாத கலவை. எவ்வளவு உயர்ந்த ஆயிலும் அப்போது உதவாது.

அதனால் ஐந்து லிட்டர் கேனில் மொத்தமாகக் கலப்பதை நிறுத்திவிட்டேன். அன்றைக்கு வேண்டிய ஒரு லிட்டரை மட்டும் கலக்கிறேன். முதலில் பாதி பெட்ரோல், அதில் 25 மில்லி ஆயில், குலுக்கல், பிறகு மீதி. வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, மெஷின் தானாக நிற்கும்வரை ஓட விடுகிறேன். கார்புரேட்டரின் ரப்பர் சவ்வுக்கும் அது நல்லது.

தை அறுவடைக்குப் பிறகு மறுபடி சைலன்சரைத் திறந்து குச்சியால் அமுக்கினேன். ரிங் உள்ளே போய், விட்டதும் திரும்பி வந்தது. அடுத்து கஜா சமயத்தில் வாங்கிய மரம் அறுக்கும் மெஷினைக் கழற்றப் போகிறேன். அதிலும் அந்தப் படகு ஆயில்தான் ஓடியிருக்கிறது.