மதகடியில் கிடைத்த ஆள்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கை தண்டவாளத்தைக் கடந்துதான் காங்கேசன்துறை வீதிக்கு ஏறும். 1990இல் நின்ற ரயில், 2015 தை மாதம்தான் காங்கேசன்துறை வரை திரும்ப ஓடியது. இடையில், யுத்தகாலத்தில் தண்டவாளத்தைப் பங்கருக்குக் கழற்றிக்கொண்டுபோன வெறும் பாதையில் சைக்கிள் ஓடிப் பழகினவள் நான். இப்போது மகளைப் பாடசாலைக்குத் தனியே விட மனம் வரவில்லை. பத்து நிமிட நடைதான், ஆனாலும் ஒழுங்கைப் பிள்ளைகள் பாதிப்பேர் ஓட்டோவில்தான் போகிறார்கள்.

பிள்ளைகளைச் சேர்த்து நடத்திக் கூட்டிப்போவது அவுஸ்திரேலியாவில் தொண்ணூறுகளிலேயே தொடங்கிய வழக்கம் என்று மெல்பேர்ன் மச்சாள் சொன்னாள். சரியென்று சனசமூக நிலையத்தில் 'தொண்டர்கள் தேவை' என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். இரண்டு கிழமையில் மட்டைக்குப் பின்னால் ஒரு பல்லி குடிவந்ததுதான் மிச்சம். பாடசாலையில், "வழியில ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். கேள்வி நியாயம்தான், கேட்ட விதம்தான் சுட்டது.

பிறகு ஒருநாள், மதகில் இருந்து பேப்பர் வாசிக்கும் இளைப்பாறிய தபாற்கார ஐயாவிடம் போனேன்.

"ஐயா, செவ்வாய்க்கிழமை மட்டும் கடவையடியில நிப்பீங்களோ?"

"தொண்டர் கிண்டர் எண்டு என்ர பேரை எழுதாத பிள்ளை. எப்பிடியும் இதிலதானே இருக்கிறன், நிக்கிறன்."

மட்டைக்கு வராத ஆட்கள், கிழமையும் இடமும் சொல்லி முகத்துக்கு நேரே கேட்டபோது வந்தார்கள். அடுத்த வீட்டு அக்கா புதன்கிழமை. ரியூசன் சொல்லிக்கொடுக்கும் தம்பி திங்களும் வெள்ளியும், சைக்கிள் பிள்ளைகளுக்குப் பின்னால். ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு வைத்தோம். தாய் தகப்பனுக்குத் தெரிந்த முகங்களை மட்டுமே எடுத்தோம். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சைக்கிள்தான் கூடப் பாடுபடுத்தியது. சரிவாக ஏறினால் சின்னச் சில்லு தண்டவாள இடுக்கில் மாட்டிக்கொள்ளும். முதற்கிழமையே ஒரு பெடியன் விழுந்து முழங்கால் உரஞ்சினான். அன்றிலிருந்து ஐயா செவ்வாய் என்றில்லாமல் தினமும் குடைக்கம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறார்: "இறங்கு! நேரா உருட்டு!"

கார்த்திகை மழைக்கு ஒழுங்கையில் வெள்ளம் நின்றபோது இரண்டு பேர் கழன்றுவிட்டார்கள். வியாழனுக்குப் பிள்ளைகளோடு நடக்க இன்னும் ஆள் இல்லை. அண்டைக்கு நான்தான், வேலைக்குப் பிந்திப் போகிறேன்.