விடியும்வரை வாசலில்

"என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க மேடம்" என்று அவர்தான் கேட்டார். எதிரியே, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரே, தன்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகச் சொல்லி, எஸ்.ஐ.யான நான் மறுத்தது அந்த ஒருமுறைதான்.

தீபாவளிச் சீட்டு கேஸ். எஃப்.ஐ.ஆர் மதியமே போட்டாயிற்று. கணவர் தலைமறைவு. நாங்கள் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது, வாசலில் சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள் கூட்டம். ஒரு செருப்பு பறந்து வந்து ஜன்னல் கம்பியில் பட்டு விழுந்தது. காக்கி வந்தாயிற்று, இனி தூக்கிக்கொண்டு போவதுதானே என்பது அவர்கள் நினைப்பு.

இருட்டிவிட்டால் அது எங்கள் கையில் இல்லை. பெண்ணை அஸ்தமனத்துக்குப் பிறகு, சூரிய உதயத்துக்கு முன் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழ்நிலை என்றால் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து நடுவரிடம் (மாஜிஸ்திரேட்டிடம்) முன் அனுமதி வாங்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 46(4), இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 43(5). காவல் பார்த்துக்கொண்டால் காலைவரை தாங்கும் என்று எனக்குத் தோன்றியது. எதை விதிவிலக்கு என்று எழுதுவது? மறுத்துவிட்டேன். சட்டம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான் இப்படிச் சொல்கிறது என்று விளக்கினேன்.

"எனக்காகத்தான் அந்தச் சட்டம்னா, வேண்டாம்னு நான் சொல்லக் கூடாதா?"

இதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. அப்புறம் தேடிப் பார்த்தேன். சாட்சியாக அழைக்கும் பெண்ணை அவர் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் தானே விரும்பினால் ஸ்டேஷனுக்கு வரலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 179-ஆம் பிரிவில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். இவர் சாட்சி இல்லையே, எதிரி. எதிரியின் "விருப்பத்தை" போலீஸ் எழுதி வாங்க ஆரம்பித்தால், ராத்திரியில் கூட்டிவரப்படும் ஒவ்வொரு பெண்ணும் விரும்பியே வந்ததாகத்தான் காகிதம் பேசும். அதனால் நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற மதுரை அமர்வு, ராத்திரிக் கைதுக்கான இந்தத் தடை கட்டாயமானது அல்ல, வழிகாட்டும் தன்மையுடையது என்று தீர்ப்புச் சொன்னது. மீறினாலே கைது செல்லாததாகிவிடாது; அதிகாரி காரணம் சொல்ல வேண்டும். அதைப் படித்தபோது வயிற்றில் என்னவோ செய்தது. செருப்பு விழுந்த வீட்டுக்குள் ஒரு பெண்ணை ராத்திரி முழுக்க நடுங்க விட்டேனே, அப்போதே கைது செய்து, அதற்குக் காரணம் சொல்லியிருக்க முடியாதா? முடிந்திருக்கும். சொல்லியிருக்க வேண்டுமா என்பதில்தான் இன்னும் தெளிவில்லை.

இரண்டு பெண் காவலர்களோடு வாசலிலேயே இருந்தேன். கூட்டம் நள்ளிரவுக்குமேல் கலைந்தது. விடிந்ததும் கைது குறிப்பாணை எழுதினேன். நேரம்: காலை 6.20. கைதுக்கான காரணம்: கணவரைப் போல இவரும் தலைமறைவாக வாய்ப்பு. அவருடைய நாத்தனார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கடைசியாக அவரிடம் நீட்டியபோது நேரத்தைப் படித்துவிட்டு, "ராத்திரியே பிடிச்சிட்டீங்களே மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

அந்த வாக்கியம்தான் என்னை விடவில்லை. நடுவர் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரத்தை நான் 6.20-இலிருந்து எண்ணினேன். எந்தக் கணக்கில் எண்ணியிருந்தாலும் அதற்குள் நிறுத்தியாயிற்று, அதில் பிசகில்லை. கைவிலங்கு போடவில்லை, தொடவில்லை, கதவைப் பூட்டவில்லை. ஆனால் ஒருவர் நகர முடியாதபடி தடுத்து வைப்பதும் காவலில் வைப்பதுதான் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நினைவிருக்கிறது.

வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. குறுக்கு விசாரணையில் கேட்டால், வாசலில் நின்றது அவர் பாதுகாப்புக்காக என்று சொல்வேன். அது உண்மை. நடுராத்திரியில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் விட்டிருப்பீர்களா என்று அடுத்த கேள்வி வரும். விட்டிருக்க மாட்டேன்.