ஆறடி மதில்

செப்டம்பர் 27, 2025, சனி

வீட்டுக்காரர் மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டார். "இந்த நாய் தீபாவளி வரைக்கும்தான், அதற்கு மேல் முடியாதம்மா" என்றார். தீபாவளிக்கு முந்தின நாளா, மறுநாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் முந்தின நாள் என்றுதான் சொல்வார்.

ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களைப் பற்றி உத்தரவு போட்டதிலிருந்து அவர் சட்டம் பேச ஆரம்பித்திருக்கிறார். எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன 11ஆம் தேதி உத்தரவைத்தான் படித்திருக்கிறார். கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று 22ஆம் தேதி அதே நீதிமன்றம் திருத்தியது அவர் கண்ணில் படவில்லை. அதுவும் இதுவும் தெருநாய்களுக்கு. மிளகு என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறாள் என்றேன். "அதுதானே பிரச்சினை" என்றார்.

கதவைத் திறந்தால் கூடம் முழுவதும் தலையணைப் பஞ்சு.

செப்டம்பர் 28, ஞாயிறு

மிளகுக்கு ஒரு வீடு வேண்டும் என்று படம் போட்டதிலிருந்து போன் ஓயவில்லை. எல்லோரும் தங்களைப் பற்றியே பேசுகிறார்கள். வீடு எத்தனை சதுர அடி, தாத்தா காலத்தில் எப்படிப்பட்ட நாய் இருந்தது, பையனுக்கு எவ்வளவு ஆசை. அவளைப் பற்றி என்ன கேட்கிறார்கள்? நிறம்.

ஒருவர், "ராஜபாளையம்தானே? 2005இல் தபால்தலையில்கூட வந்ததே" என்றார். அது வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. இவள் மண்நிறம், பார்த்தால் சிப்பிப்பாறைக் கலப்பு என்றேன். வைத்துவிட்டார்.

2020இல் பிரதமர் வானொலியில் இந்த இனங்களின் பெயரைச் சொன்னாலும் சொன்னார், நாட்டுநாய் என்பது பெருமைக்குரிய பொருளாகிவிட்டது. பெருமைக்கு வாங்குகிறவன் அது ஓடும் வேகத்தைப் பார்த்ததும் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போகிறான். இவள் கழுத்தில் அந்தக் கயிற்றுத் தடத்தின் மேல் இன்னும் முடி முளைக்கவில்லை.

செப்டம்பர் 30

இன்று யாரையும் கீழே தள்ளவில்லை.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

தெருவெல்லாம் உடைத்த பூசணி. குங்குமத்தோடு தின்றாள். வாயெல்லாம் சிவப்பாக எதிர்வீட்டுப் பாட்டியைப் பார்த்து வாலாட்ட, பாட்டி "யாரைக் கடித்தது?" என்று அலறி, தெருவே கூடி, பூசணித் துண்டைக் கையில் எடுத்துக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 2

பெரும்பாக்கம் பக்கம், ஒன்பதாவது மாடி. நல்ல பிள்ளைகள் இருவரும். தண்ணீர்க் கிண்ணம்கூட முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். பகலில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். கேமரா இருக்கிறது என்றார்கள். கேமரா நடைக்குக் கூட்டிப்போகுமா? பால்கனிக் கம்பியைப் பார்த்தேன். எட்டிப் பார்க்கும் புறா ஒன்று போதும் இவளுக்கு. மோப்பத்தை நம்பாமல் கண்ணை நம்பி ஓடுகிற இனம். அசைவது எதுவானாலும் துரத்தும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 3

சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அழுதாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

"தோட்டம் இருக்கிற வீடாகப் பார்த்துக் கொடு" என்று அம்மா முதல் ஊரே சொன்னது. சரி, தோட்டமும் பார்த்தாயிற்று. மதுராந்தகம் தாண்டி தென்னந்தோப்பு. அந்த அண்ணன் இளநீர் வெட்டிக் கொடுத்து, "காடு மாதிரி சுற்றட்டும், யார் கேட்கப்போகிறார்கள்?" என்றார். அன்பான மனிதர், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் தோப்பைச் சுற்றி மதில் இல்லை. ஒரு பக்கம் முள்வேலி, மறுபக்கம் அதுவும் இல்லாமல் நேராகத் தார்ச்சாலை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. முற்றத்தில் பெருவிடைக் கோழிகள், குஞ்சுகளோடு. முதல் நாளே ஒரு கோழி போகும், இரண்டாம் நாள் சங்கிலி வரும். ஏற்கெனவே அங்கே ஒரு நாய் இருந்தது, மாட்டுக் கொட்டகைத் தூணில். இரவில் அவிழ்த்துவிடுவோம் என்றார். அந்தத் தூணைச் சுற்றி வட்டமாக மண் தேய்ந்திருந்தது. அது நடந்து நடந்து தேய்ந்த வட்டம்.

ஏக்கர் கணக்கில் நிலம் இருந்து என்ன பயன்? இவளுக்கு வேண்டியது சின்ன இடமானாலும் தாண்ட முடியாத மதில், காலையும் மாலையும் கயிற்றின் மறுமுனையில் ஓடத் தெம்புள்ள ஆள். இதை அம்மாவிடம் சொன்னால், "உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு குறை சொல்லவில்லையே" என்கிறாள். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 7

"பெட்டையா? கருத்தடை ஆகிவிட்டதா? அடடா." வைத்துவிட்டார்.

மாலையில் இன்னொருவர். முயல் பார்த்தால் ஓடுமா, எவ்வளவு தூரம் ஓடும், பிடிக்குமா என்று இனிக்க இனிக்கக் கேட்டார். வனவிலங்குச் சட்டம் 1972இலிருந்து இருக்கிறது ஐயா, முயல் வேட்டைக்கு என்னிடம் நாய் இல்லை என்றேன். "வேட்டைக்கு என்று யார் சொன்னது?" என்று கோபித்துக்கொண்டார். இத்தனை பேரில் இவளைப் பற்றிக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

அக்டோபர் 8

தூக்கம் இல்லை. நான்கடி மதிலை இவள் நின்ற இடத்திலிருந்தே தாண்டுகிறாள். ஐந்தடி என்றால் ஓடி வந்து தாண்டுவாள். ஆறு வேண்டும். ஆறடி மதிலும் இந்த ஊரில் வாடகைக்கு நாய்க்கு இடமும்! பஸ்ஸில் போகும்போதுகூட வீடுகளைப் பார்ப்பதில்லை, மதில்களைத்தான் பார்க்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மாடம்பாக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியை வந்தார். ஊதல் இன்னும் கைப்பையில் இருக்கிறது. வந்ததும் மிளகைத் தொடவில்லை, கூப்பிடவில்லை. நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்து காபி குடித்தார். மிளகு தானாக வந்து அவர் முழங்கையை மோந்தாள்.

பிறகு கேட்டார்: எதைக் கண்டால் பயம்? எப்போது உறுமினாள்? இரவில் எங்கே படுக்கிறாள்? மார்புப்பட்டை ஏன், கழுத்துப்பட்டை போதாதா? இந்த இனத்துக்குத் தலை குறுகல், கழுத்து தடிமன். பின்வாங்கி ஒரு இழு இழுத்தால் பட்டை கழன்று கையோடு வந்துவிடும் என்று காட்டினேன். "சரி, இரண்டும் போடுவோம்" என்றார்.

மதில்?

"நாலரை அடி."

என் முகம் போன போக்கைப் பார்த்து, "மேலே கம்பிவலை அடிக்கலாமே, அதற்கென்ன?" என்றார்.

அக்டோபர் 13

கொத்தனார் கிடைத்துவிட்டாராம்.

அக்டோபர் 14

கொத்தனார் ஊருக்குப் போய்விட்டாராம், தீபாவளிக்கு.

அக்டோபர் 17, வெள்ளி

நேற்று வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவித்தார்கள். வீட்டுக்காரரும் அறிவிப்பது போலவே பேசினார். தீபாவளிச் சமயத்தில் எந்த நாயையும் புது வீட்டுக்கு அனுப்பக்கூடாது, முதல் வெடிக்கே ஓடிப்போகும், பிறகு கிடைக்காது என்றேன். வாசலில் நின்று யோசித்தார். "25ஆம் தேதி. அதோடு சரி." சண்டை போடத் தயாராக நின்றவளுக்குச் சப்பென்றாகிவிட்டது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவளுக்குக் கொழுப்பே இல்லாத உடம்பு, எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று இரண்டு முறை நிறுத்தார். தராசில் நிற்கவைப்பதற்குள் எனக்குத்தான் மாத்திரை தேவைப்பட்டது.

அக்டோபர் 20, தீபாவளி

காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் வைத்திருக்கிறது. எங்கள் தெருவுக்கு அந்த அறிவிப்பு வந்து சேரவில்லை. குளியலறையில் நானும் அவளும். வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டால் அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அடங்குகிறாள். நல்லவேளை, இந்தத் தெருவில் தண்ணீர்ப் பஞ்சம் கோடையில்தான்.

அக்டோபர் 22

மழை. கம்பிவலைக்குத் தூண் நட முடியவில்லை. குழி தோண்டினால் குழி நிறையத் தண்ணீர்.

அக்டோபர் 23

மழை. ஒன்பதாவது மாடிப் பெண் செய்தி அனுப்பியிருந்தாள்: மிளகுக்கு வீடு கிடைத்ததா? பால்கனிக்கு வலை போட்டுவிட்டார்களாம். ஏன் இப்போது சொல்கிறாள்?

அக்டோபர் 24

தூண் நட்டாயிற்று. டீச்சர் அளவுநாடாவை மதிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். ஆறடி இரண்டு அங்குலம்.

அக்டோபர் 25, சனி

கொண்டுபோய் விட்டேன். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று மீட்பு வேலையில் ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகுதான் அது தன் வீடு என்று நாய்க்குப் படுமாம். அதுவரை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். டீச்சர் படித்துப் பார்த்து, அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வேறு தாள் எடுத்து அந்த வரியோடு மறுபடி எழுதச் சொன்னேன். முறைத்தார். எழுதினார்.

அக்டோபர் 26

டீச்சர் போன். மதிலைத் தாண்டவில்லை. கொல்லைப்புறம் வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் மதிலுக்கு அடியில் தோண்டுகிறாளாம். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று கொத்தனாரைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.