செவலையும் கேட்டும்

மே 2, 2025

கோழி ஈரலை வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. அப்பத்தா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ஆருக்கு?" என்றது. பதில் தெரிந்தே கேட்கிறது.

மே 3

மூடிய கைக்குள் ஒரு துண்டு. "விடு" என்று ஒரே தடவைதான் சொல்ல வேண்டும். எங்கள் நாய் செவலை நக்கியது, காலால் பிறாண்டியது, செல்லமாகக் கடித்தும் பார்த்தது. கையைத் திறக்கவில்லை. கடைசியில் அலுத்துப்போய் மூக்கை எடுத்து என் முகத்தைப் பார்த்தது பாருங்கள், அந்த நொடியில் இன்னொரு கையிலிருந்து கொடுத்தேன். 'விடு' என்று சொன்ன துண்டையே கொடுக்கக்கூடாது, கொஞ்சம் காத்திருந்தால் அதுவும் கிடைக்கும் என்று ஆகிவிடும். ரோட்டில் கிடக்கும் கோழி எலும்பு விஷயத்தில் அந்தக் கணக்கு உதவாது. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும் என்று அப்பத்தாவிடம் சொல்லி வாய் வலிக்கிறது.

மே 4

கத்தரி. காலை ஒன்பதுக்கே தார் ரோட்டில் புறங்கையை வைக்க முடியவில்லை. இனி விடிவதற்குள் நடை.

மே 6

தூக்கம் வரவில்லை. தண்டவாளம்தான்.

போடி லைனில் பல வருடம் ரயிலே கிடையாது. மீட்டர் கேஜைப் பெயர்த்துவிட்டு அப்படியே கிடந்தது, அப்பா அந்த நாளிலிருந்தே நாய்களை அங்கேதான் ஓடவிடுவார். 2022இல் தேனி வரை ரயில் வந்துவிட்டது, அடுத்த வருடம் போடி வரை. அப்பா மனதில் மட்டும் அது இன்னும் காலி இடம். செவலையோ சிப்பிப்பாறை வேட்டைநாய், மோப்பத்தைவிடக் கண்தான் அதற்கு. வடபழஞ்சிப் பக்கம் மயிலுக்குப் பஞ்சமா? கழுத்து விறைத்துக் காது நிமிரும்போதே கூப்பிட்டால் உண்டு, ஓட ஆரம்பித்த பிறகு நம் குரல் அதற்குக் கேட்காது.

இன்று மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது இதுதான்: அது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, ரயில் வருகிறது, நான் பதறி "வா" என்றால்? நன்றாகப் பழகிய நாய் என்றால் வந்துவிடுமே, நேராகக் குறுக்கே. அப்போது தேவை "படு". இருக்கிற இடத்திலேயே, தூரத்திலேயே. நாளையிலிருந்து அதுதான்.

மே 7

பக்கத்தில் நின்றால் படுக்கிறது. பத்தடி தள்ளி நின்று சொன்னால் என்னிடம் ஓடிவந்து படுக்கிறது! வேப்பமரத்தில் கட்டிவைத்துச் சொன்னேன், வர வழியில்லை, யோசித்துவிட்டு அங்கேயே படுத்தது. ஈரலை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மே 8

டிவியில் மீனாட்சி கல்யாணம். அம்மா அங்கேயே, ஆஸ்பத்திரியில் அப்பா இருக்கும் வார்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாளாம்.

மே 10

கேட். தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே பாய்கிறது. ஒன்றும் பேசாமல் சாத்தினேன். உட்கார்ந்தால் திறக்கும், எழுந்தால் சாத்தும், அவ்வளவுதான் பாடம். எதிர்வீட்டு மாமா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாலு போடு போட்டா தானா அடங்கும்மா" என்றார். அடங்கும்தான் மாமா, அடிக்கிற ஆள் இருக்கும்வரை. அப்பா ஒரு அதட்டல் போட்டால் நிற்கும். அந்தக் குரல்தானே இப்போது இல்லை.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். தெருவில் வேட்டு. செவலை கட்டிலுக்கடியில். இன்று பாடம் கிடையாது, பயத்தில் இருப்பதிடம் என்ன கற்றுக்கொடுக்க? பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மே 14

நீளக் கயிறு, முப்பதடி. கழுத்துப் பட்டையில் இல்லாமல் மார்வாரில் மாட்டினேன், இந்த வேகத்தில் ஓடிக் கயிறு இழுத்தால் கழுத்து என்னாவது. ஆடு தெரிந்தது. "படு" என்றேன். படுத்துவிட்டது! உடம்பெல்லாம் நடுங்குகிறது, ஆனால் படுத்திருக்கிறது. டப்பாவை அப்படியே கொட்டிவிட்டேன்.

மே 15

அதே ஆடு, அதே இடம். காதிலேயே வாங்கவில்லை.

மே 16

வாக்கர் வந்துவிட்டது, அப்பா வரவில்லை. திங்கட்கிழமை பார்க்கலாம் என்கிறார்களாம். நானே அதைத் தட்டித் தட்டிக்கொண்டு ஹாலில் நடந்தேன். முதலில் குரைத்தது, மேலே தாவப் பார்த்தது. பாயில் இருந்தால் மட்டும் ஈரல். சாயங்காலம் பாயிலிருந்தே பார்த்தது. நடுவில் தம்பி கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு உள்ளே வந்தான். பெரிய சண்டை.