பாப்பாவுக்குச் சோறு கெட்டியாக இருக்கட்டும்

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு என்ன கொடுப்பது, அதுவும் காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அம்மாக்கள் எதைச் சட்டென்று செய்து ஊட்டுவது என்று தெரிந்த பெண்கள் பலரும் என்னைக் கேட்கிறார்கள். செய்முறைக்குப் போவதற்கு முன்னால் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். தண்ணியாகக் கொடுக்காதீர்கள்.

நம் வேலூர்ப் பக்கத்தில் காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் சாப்பாடு என்றால் பருப்புத் தண்ணி, இல்லாவிட்டால் சாதம் வடித்த கஞ்சி, ஸ்பூனில் எடுத்தால் ஓடிவிடும் கேவுரு (கேழ்வரகு) கூழ். பால்மணம் மாறாத பிள்ளைக்குக் கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது என்று வீட்டு ஆயா, அதாவது பாட்டி, அக்கறையோடுதான் சொல்வார். ஆனால் அந்த வயிறு எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி, அதாவது ஏழு கிலோ பாப்பாவுக்கு ஒரு வேளைக்குச் சுமார் 210 மில்லியைத் தாண்டி இறங்காது. அந்த இடத்தைத் தண்ணியை ஊற்றியே நிரப்பிவிட்டால் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிவிடும், எடை மட்டும் ஏறாது. பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்தும் சரியாக இந்த ஆறாவது மாதத்தையொட்டித்தான் குறைய ஆரம்பிக்கிறது, தாய்ப்பால் மட்டும் அதை ஈடுகட்டாது. அதனால் உள்ளே போகிற ஒவ்வொரு ஸ்பூனும் சத்தாக இருக்க வேண்டும்.

எவ்வளவு கெட்டி என்பதற்கு எங்கள் தெரு பால்வாடி டீச்சர் காட்டிக் கொடுத்த வழி எளிது: ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் சாப்பாடு அதிலேயே நிற்க வேண்டும், வழிந்து ஓடக் கூடாது. முதல் ஓரிரு வாரம் கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் பரவாயில்லை, அப்புறம் இந்த அளவுக்கு வந்துவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ரொம்ப உதவுவது குக்கருக்குள் வைக்கிற சின்னக் கிண்ணம். வீட்டுக்குச் சாதம் வைக்கும்போதே ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் அரிசி, ஒரு ஸ்பூன் பாசிப்பருப்பு, ஒரு துண்டு கேரட்டோ மஞ்சள் பூசணியோ போட்டு, தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, மூடி உள்ளே வைத்துவிடுங்கள். உங்கள் சாதம் வெந்து இறங்கும்போது பாப்பாவின் சாப்பாடும் தயார். மிக்ஸி வேண்டாம், ஸ்பூனின் பின்பக்கத்தால் மசித்து அரை ஸ்பூன் நெய் விட்டால் போதும். நெய்யைச் சளி பிடிக்கும் என்று ஒதுக்காதீர்கள், அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்ட அதைவிடச் சுலபமான வழி இல்லை. வேகும்போதே ஒரு பிடி முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போடலாம். கூடவே அரைத் தக்காளியும் போட்டால் அல்லது இறக்கிய பிறகு இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால், கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டவே வேண்டாம். நமக்குச் சப்பென்று இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், உப்பின் ருசியே தெரியாத நாக்கு அது.

கேவுருக்கு வருகிறேன். களியும் கூழும் தின்று வளர்ந்த மண் இது, 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஆனால் சாதாரண மாவில் கஞ்சி காய்ச்சினால் கொஞ்சம் மாவுக்கே கட்டியாகிவிடும், அதைக் குழந்தை விழுங்கட்டும் என்று நாம் மேலும் மேலும் தண்ணீர் விடுவோம், கடைசியில் கிண்ணம் நிறைய இருப்பது தண்ணீர்தான். இதற்கு முளைகட்டிய மாவுதான் தீர்வு. முளைவிடும்போது தானியத்துக்குள் அமிலேஸ் என்ற நொதி உண்டாகிறது, அது மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக வைக்கிறது, அதனால் அதே தண்ணீருக்கு நிறைய மாவு போட்டாலும் பாப்பா விழுங்குகிற பதத்தில் இருக்கும். கேழ்வரகை இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள், நம் வேலூர் வெயிலுக்கு மறுநாளே முளை எட்டிப் பார்க்கும். நிழலில் நன்றாக உலர்த்தி, லேசாக மட்டும் வறுத்து, மில்லில் அரைத்துச் சலித்து டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். கருக வறுத்தால் அந்த நொதி செத்துப்போகும், வாசனை வந்ததும் இறக்கிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையை முடித்துவிட்டால் பிறகு காலையில் சில நிமிடம் கிளறினாலே கஞ்சி ரெடி.

இறக்கும் நேரத்தில் ஒரு ஸ்பூன் வேர்க்கடலைப் பொடி சேருங்கள். நம் மாவட்டத்திலேயே விளைகிற கடலை, வறுத்துத் தோல் நீக்கி மாவு போல நைஸாகப் பொடித்தது. முழுக் கடலையையோ உடைத்த கடலையையோ கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அலர்ஜிக்குப் பயந்து கடலையையும் முட்டையையும் ஒரு வயது வரை தள்ளிப்போடச் சொன்ன காலம் உண்டு, இப்போது அப்படிச் சொல்வதில்லை. முதல் தடவை பகலில், கால் ஸ்பூன் மட்டும் கொடுத்துப் பாருங்கள், மறுநாள் கூட்டலாம். பாப்பாவுக்குக் கடுமையான கரப்பான் என்கிற தோல் நோய் இருந்தாலோ, ஏற்கெனவே ஏதாவது சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முட்டையை நன்றாக வேகவைத்து மசித்துச் சாதத்தில் பிசையலாம், அரைவேக்காடு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோழி எடுக்கிற வீடாக இருந்தால் மசாலா போடுவதற்கு முன் ஈரலில் ஒரு துண்டைத் தனியாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள், அந்தச் சின்னத் துண்டில் இருக்கிற இரும்பு வேறு எதிலும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது, வாரம் ஒரு முறை போதும். இட்லி மாவில் உப்பு கரைப்பதற்கு முன் ஒரு கரண்டியைத் தனியாக எடுத்து வைத்தால் பாப்பாவுக்கு இரண்டு இட்லி ஆகும், பருப்பிலோ தயிரிலோ பிசைந்து கொடுக்கலாம். சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பப்பாளி, வாழைப்பழம் எல்லாம் கையால் மசித்தாலே ஆயிற்று.

அளவு பற்றி: ஆறு மாதத்தில் இரண்டு மூன்று ஸ்பூன், நாளைக்கு இரண்டு வேளை. ஒன்பது மாதம் நெருங்கும்போது 250 மில்லி கிண்ணத்தில் பாதி, மூன்று நான்கு வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் கிண்ணம் முதல் முழுக்கிண்ணம். தாய்ப்பால் இரண்டு வயதுக்கும் அதற்கு மேலும் தொடரட்டும். பசும்பால் ஒரு வயதுக்கு அப்புறம்தான் குடிக்கக் கொடுக்க வேண்டும். தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டுவைக்கக்கூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கும், பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது என்பதால்தான் வீட்டில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அக்னி நட்சத்திரத்தில் இந்த ஊரில் காலையில் செய்ததை மதியம் கொடுக்காதீர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்ததைக் கொட்டிவிடுங்கள். சமைப்பதற்கு முன்னும் ஊட்டுவதற்கு முன்னும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், பாப்பாவின் கையையும்தான். பால் பாட்டில் வேண்டாம், கிண்ணமும் ஸ்பூனும்தான் சுத்தமாகத் தேய்க்க வருகிறது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நம் ஊருக்குப் புதிதல்ல. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டாவைரஸுக்கான ரோட்டாவேக் சொட்டு மருந்தைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த மூன்று ஊர்களில் டெல்லி, புனேவோடு வேலூரும் ஒன்று. அந்தத் தடுப்பு மருந்து இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம், ஆறாவது வாரத்திலேயே ஆரம்பிக்கிறது, தவறவிடாதீர்கள். மீறி வயிற்றால் போனால் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. உடம்பு இழந்த நீரை ஈடுகட்டும் ஓஆர்எஸ் கரைசலோடு தாய்ப்பாலும் தொடரட்டும், பருப்பு சாதமோ தயிர் சாதமோ கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள், சரியான பிறகு இரண்டு வாரம் நாளைக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். கண் உள்வாங்கினாலோ, ஒன்றுக்குப் போவது குறைந்தாலோ, துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.