இயற்பியல் ஆய்வகத்தில் என் ஜோடி

நம் பழைய மாணவர் சங்க மலரில் வருஷா வருஷம் யாராவது ஒருவர் பள்ளிக்காலக் காதலைப் பற்றி எழுதிவிடுவார். பெண்கள் பள்ளி விடும் நேரத்துக்கு மயிலாப்பூர் லஸ் கார்னரில் காத்துக் கிடந்தது, டியூஷனில் நோட்டு மாற்றிக்கொண்டது, கற்பகாம்பாள் சந்நிதியில் ஓரக்கண்ணால் பார்த்தது. எல்லாவற்றையும் ஆசையாகப் படித்திருக்கிறேன். எனக்கும் அப்படி ஒரு காதல் உண்டு. நம் பள்ளியிலேயே, என் வகுப்பிலேயே, எனக்கு முன் பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தான்.

இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுடா, பேர் மட்டும் வேண்டாம். அம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்றான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவன் என்றே வருவான்.

1995 ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்தோம். அவன் வேறு பள்ளியில் பத்தாவது முடித்து வந்த வடபழனிப் பையன். மயிலாப்பூரில் அவனுக்கு யாரையும் தெரியாது. ஆய்வகத்தில் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது நாங்கள் ஒரே மேஜைக்கு வந்தோம். அவ்வளவுதான் ஆரம்பம்.

ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்திருந்த மூலை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கறுப்புத் துணி தொங்கும், உள்ளே சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் மட்டும். முப்பட்டகம் வைத்த தட்டை மெல்லத் திருப்பினால் பிம்பம் நகர்ந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, வந்த வழியே திரும்பும். திரும்புகிற அந்த இடத்தில் நிறுத்தி ரீடிங் எடுக்க வேண்டும். நான் அவசரப்பட்டு ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போய்விடுவேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புவான். அப்புறம் வெர்னியர் அளவுகோல் மேல் லென்ஸை வைத்துக் குனிந்து, எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று பார்த்து, "முப்பத்தெட்டு டிகிரி, பதினேழு மினிட்" என்று தாழ்ந்த குரலில் சொல்வான். ஒரு கோணத்தை அத்தனை அக்கறையாக ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எழுதிக்கொள்வேன். அடுத்த ரீடிங்குக்காகக் காத்திருப்பேன்.

சாயங்காலம் அவன் 12பி பிடிக்க வேண்டும். என்னிடம் சைக்கிள் இருந்தது. ஆனாலும் லஸ் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவனோடு நடப்பேன். பக்கிங்காம் கால்வாயில் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்டாப்பிங்கில் நின்றதும் முதல் பஸ்ஸைக் கூட்டம் என்று விட்டுவிடுவான். அடுத்தது காலியாக வரும், அதையும் கூட்டம் என்பான். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இருட்டத் தொடங்கியதும் ஏறிக்கொண்டு, பின் கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே போவான்.

நம் ஊரில் இரண்டு பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டு மாட வீதியைச் சுற்றினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு பையனும் பெண்ணும் நின்று இரண்டு வார்த்தை பேசினால் இருட்டுவதற்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். அந்த விதத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். 1996 பங்குனியில் அறுபத்து மூவர் அன்று, தேர் போன மறுநாள், நீர்மோர்ப் பந்தலுக்கும் பலகாரக் கடைக்கும் நடுவே நெரிந்த கூட்டத்தில் அவன் என் கையைப் பிடித்தான். தொலைந்துவிடாமல் இருக்கத்தான் பிடித்தான். கூட்டம் விலகி, ராமகிருஷ்ண மடம் சாலை வந்த பிறகும் விடவில்லை. ஆயிரம் பேர் எங்களைக் கடந்து போனார்கள், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. எங்களுக்கே அது காதல் என்று தோன்ற வழியில்லாமல் இருந்தது. பார்த்த சினிமாவிலோ, படித்த பாடத்திலோ, தெரிந்த மனிதர்களிலோ எங்களைப் போல் ஒருவரும் இல்லை. கழிப்பறைச் சுவரில் மட்டும் கேலியாக எழுதியிருக்கும். அதைப் படிக்காததுபோல் இருவரும் கை கழுவிவிட்டு வருவோம்.

எனக்கு விளங்கியது அந்த வருஷம் ஜூன் மாதத்தில். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும்போதே சென்னையில் அப்படி ஒரு மழை கொட்டியது, ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கு லீவு விட்டார்கள். தெரு முழுக்கத் தண்ணீர். என் தம்பி காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தான். நான் மாடிப்படியில் உட்கார்ந்து, வடபழனியிலும் இப்படித்தான் பெய்யுமா, அவன் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது தொண்டை அடைத்தது. ஒரு சிநேகிதனுக்காக யாரும் இப்படி ஏங்க மாட்டார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ரெக்கார்டு நோட்டுக்குள் சீட்டு வைத்துக் கொடுக்க ஆரம்பித்தோம். ஒரு நாள் அப்படி ஒன்று என் நோட்டோடு சேர்ந்து கையெழுத்துக்குப் போய்விட்டது. அவன் எழுதியது: "நாளைக்கு ரீடிங் நீ எடு. நான் எழுதிக்கறேன். நீ குனிஞ்சு பாக்கறதை நான் ஒரு நாள் பாக்கணும்." இயற்பியல் சார் அதைப் படித்திருக்கிறார். சந்தேகமே இல்லை, சீட்டு வேறு பக்கத்துக்கு மாறியிருந்தது. நோட்டை என்னிடம் நீட்டி, "ரெக்கார்டுல ரெக்கார்டு மட்டும் இருக்கட்டும்பா" என்றார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. அடுத்த வாரமும் எங்களை அதே மேஜையில்தான் நிறுத்தினார். அன்று அவர் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போயிருக்கலாம், எங்கள் அப்பாக்களைக் கூப்பிட்டிருக்கலாம். அந்தக் காலத்தில் வேறு பிள்ளைகளுக்கு அப்படித்தான் நடந்தது. சிலர் படிப்பை விட்டார்கள், சிலரை 'குணப்படுத்த' டாக்டரிடம் இழுத்துப் போனார்கள். அவர் செய்த உதவிக்கு இத்தனை வருஷமும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

1997-இல் பிளஸ் டூவும் நுழைவுத் தேர்வும் முடிந்து, அவன் பொறியியல் படிக்கக் கோயம்புத்தூர் போனான், நான் சென்னையிலேயே தங்கினேன். இன்லண்டு கடிதங்கள் கொஞ்ச நாள் வந்தன, அப்புறம் குறைந்தன. சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் பயம்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவைப் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது மெல்பர்னில் நான் ஆபீசில் இருந்தேன். ஒத்த மனதோடு சேரும், வயது வந்த இரண்டு பேரை இனி அந்தச் சட்டம் குற்றவாளி ஆக்காது. 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்தது. ராத்திரி அவன் போன் செய்தான். பல வருஷம் கழித்துக் கேட்ட குரல். "தீர்ப்பு பாத்தியா?" என்றான். பார்த்தேன் என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் இரண்டு பேரும் வெகுநேரம் லைனிலேயே இருந்தோம். இப்போது மாதம் ஒரு முறையாவது பேசிக்கொள்கிறோம். எனக்கு இங்கே ஒரு துணைவர் இருக்கிறார், 2017 டிசம்பரில் ஆஸ்திரேலியச் சட்டம் மாறிய பிறகு பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். நம் பொங்கல் விருந்தில் 'ஃபிரெண்டு' என்று நான் அறிமுகப்படுத்தியது அவரைத்தான். இந்த வருஷம் சரியாக அறிமுகப்படுத்துகிறேன்.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவை உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் படித்திருப்பீர்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட, ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம் பெண்களின் வழக்கு. தனக்கே இது புரியவில்லை என்று சொல்லி, உளவியலாளர் ஒருவரோடு உட்கார்ந்து பேசிப் புரிந்துகொண்ட பிறகே எழுதினார். இப்படிப்பட்டவர்களை 'மாற்ற' முயலும் சிகிச்சைக்குத் தடை விதித்தார், பாடத்திட்டத்தில் இடம் கொடுக்கச் சொன்னார், பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் இதைப் பேசச் சொன்னார். நம் பள்ளியிலும் இன்றைக்கு யாரோ ஒருவன் முன் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு ஒரு நல்ல சார் அமைய வேண்டும் என்று அதிர்ஷ்டத்தை நம்பி விட்டுவிட எனக்கு மனமில்லை.

நம் சங்கம் ஆய்வகத்துக்கு அனுப்பும் நன்கொடையோடு, பள்ளியில் முழுநேர மனநல ஆலோசகர் ஒருவரை வைக்கவும் பணம் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வருஷத்துச் சம்பளத்தில் பாதியை நான் தருகிறேன், மீதியில் ஒரு பங்கை அவன் சென்னையிலிருந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். பொருளாளரிடம் பேசிவிட்டேன். பொதுக்குழுவில் தீர்மானமாக வரும்போது கை தூக்குங்கள்.